டொக்டர் அக்காட்டக் கேளுங்கோ: போனில வாற படமும் எங்கட சுகமும்

இந்த மாசம் வந்த கடிதத்திலயும் வட்ஸ்அப்பிலயும் பாதிக்கு மேல படம் சம்மந்தமான கேள்வியள்தான், இன்ஸ்டகிராம், பேஸ்புக், ரிக்ரொக், வட்ஸ்அப் ஸ்டேற்றஸ் எண்டு. அதால சீனி வருத்தம், பிரசர், மூட்டு நோ கேள்வியளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதுகளுக்கு மட்டும் பதில் எழுதுறன். பேர் போடவேண்டாம் எண்டு கனபேர் கேட்டபடியா ஊர் மட்டும் போட்டிருக்கு.

என்ர மகளுக்கு 16 வயசு, ஓ.எல் எழுதிப்போட்டு வீட்டில நிக்கிறா. போன் வேண்டிக் குடுத்து ஒரு வருசம் கூட ஆகேல்ல, இப்ப இரவுச் சாப்பாட்டைத் தொடுறாவே இல்லை, காலமையும் வெறும் தேத்தண்ணி. தன்ர மூக்கு பெரிசாம், தொடை பெரிசாம். பில்டர் போடாமல் ஒரு படம் எடுக்க விடமாட்டா, சித்தியிண்ட கல்யாணவீட்டு அல்பத்தில எல்லாப் படத்திலயும் ஆருக்கும் பின்னால ஒளிச்சுக்கொண்டு நிக்கிறா. போனைப் பறிச்சு வைக்கவோ?
ஒரு தாய், தருமபுரம்

அம்மா, மூக்கில இருந்தே தொடங்குவம். செல்பி எடுக்கேக்க போன் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில நிக்குது, அவ்வளவு கிட்டப் பிடிச்சால் முன்னுக்கு நிக்கிற மூக்கு பெரிசாயும் பின்னுக்கு இருக்கிற காது சின்னனாயும் விழும், அது கிட்டப் பிடிக்கிறதால வாற வித்தியாசம். அமெரிக்க டொக்டர்மார் 2018 இல இதைக் கணக்குப் போட்டுப் பாத்தவை, 12 அங்குலத்தில எடுத்த படத்தில மூக்கு 5 அடியில எடுத்ததை விட கிட்டத்தட்ட 30 வீதம் அகலமாத் தெரியுதாம். பிள்ளை அந்தப் படத்தைப் பாத்து என்ர மூக்கு பெரிசு எண்டு நம்புறா, பிறகு பில்டர் அந்த மூக்கைச் சுருக்கிக் காட்ட, அதுதான் நான் இருக்கவேண்டிய வடிவு எண்டு நம்புறா, ரெண்டும் அவவிண்ட முகம் இல்லை. இண்டைக்கே அவவை முத்தத்தில வெளிச்சத்தில நிக்க வைச்சு 5 அடி தள்ளி நிண்டு பின்பக்கக் கமராவால ஒரு படம் எடுங்கோ, அவவே எடுத்த செல்பியையும் பக்கத்தில வைச்சுக் காட்டுங்கோ. புத்தி சொல்லத் தேவையில்லை, காட்டினால் காணும்.

சாப்பாடு விசயம் எனக்கு மூக்கை விடக் கவலை. படம் பாத்து சாப்பாட்டை வெறுக்கிறது இன்ஸ்டகிராமோட வந்த புதுப் பழக்கம் இல்லை. பீஜித் தீவில நட்ரோகா எண்ட பக்கத்துக்கு 1995 இலதான் டி.வி வந்தது, அங்க நல்லாச் சாப்பிட்டு உடம்பா இருக்கிறதைத்தான் சனம் வடிவெண்டு நினைச்சது. ஆன் பெக்கர் எண்ட ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் டி.வி வந்த கையோடயும் மூண்டு வருசம் கழிச்சும் பள்ளிக்கூடப் பிள்ளையளிட்டப் போய்க் கேட்டவா. 1995 இல மெலியிறதுக்காக சாப்பிட்டதைச் சத்தியெடுக்கிறன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, 1998 இல 11.3 வீதம் பிள்ளையள் சொல்லிச்சினம். அது வரவேற்பறையில எல்லாரும் சேந்து பாத்த டி.வி. இப்ப படம் பிள்ளையிண்ட கையில, போர்வைக்குள்ள, அவ எதில கூட நேரம் நிக்கிறாவோ அதையே திருப்பித் திருப்பிக் குடுக்கிற மாதிரிச் செய்து வைச்சிருக்கினம். உது இன்ஸ்டகிராமை வைச்சிருக்கிற பேஸ்புக் கொம்பனிக்குத் தெரியாத விசயமும் இல்லை. 2021 இல பிரான்செஸ் ஹோகன் எண்ட அங்க வேலை செய்த பொம்பிளை வெளியில கொண்டு வந்த கடதாசியளில அவையளிண்ட சொந்த ஆராய்ச்சியே இருந்தது: தங்கட உடம்பை நினைச்சு மனம் நொந்திருந்த பெட்டையளில 32 வீதம், இன்ஸ்டகிராம் அந்த நோவை இன்னும் கூட்டுது எண்டு சொல்லியிருக்கினம்.

அதுக்காக போன் வைச்சிருக்கிற எல்லாப் பிள்ளையும் நோயாளியாப் போகும் எண்டு பயப்பிடவேண்டாம். ஒக்ஸ்போர்டில ஒர்பன், ஷிபில்ஸ்கி எண்ட ரெண்டு பேர் 2019 இல லட்சக்கணக்கான பிள்ளையளிண்ட தரவை அலசிப் பாத்ததில, பொதுவாப் பாத்தால் பிள்ளையளிண்ட மனநலத்தில வாற வித்தியாசத்தில போன், கொம்பியூட்டர் போல திரையளுக்குரிய பங்கு 0.4 வீதம்தான் எண்டு வந்தது. ஆனால் அது எல்லாரையும் சேத்துப் போட்ட சராசரி, ஏற்கனவே உடம்பை நினைச்சுக் குமையிற ஒரு பிள்ளைக்கு அந்தச் சராசரி ஒண்டும் செய்யாது, உங்கட மகள் இப்ப அந்தப் பக்கம் நிக்கிறா எண்டுதான் எனக்குப் படுது.

போனைப் பறிக்காதேங்கோ. பறிச்சால் சினேகிதியிண்ட போனில பாப்பா, உங்களோட கதைக்கிறதையும் நிப்பாட்டிப் போடுவா. கனடாவில ஒட்டாவாவில 17 தொடக்கம் 25 வயசான 220 பேரை வைச்சு ஒரு பரிசோதனை செய்தவை, மனம் சோர்ந்து போயிருந்த பிள்ளையள்தான் அவையள், ஒரு பகுதியை நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் சமூக வலைத்தளம் பாக்க விட்டவை, மூண்டு கிழமையில அவையள் தங்கட முகத்தையும் உடம்பையும் பற்றி நினைக்கிறது நல்லா மாறியிருந்தது. ஒரு மணித்தியாலம் எண்டு அவவோட சேந்து பேசி வையுங்கோ, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டில எல்லாற்ர போனும் (அப்பாவிண்டதும்) ஹோலில ஒரே இடத்தில சார்ஜ் போடட்டும்.

இன்னொண்டையும் மனசில வைச்சிருக்காமல் சொல்லுறன். சாமத்தியவீடு, கல்யாணவீடு எண்டு போனால் எங்கட சனம் ஒரு பெட்டைப்பிள்ளையைக் கண்டவுடன முதல் கேக்கிற கேள்வியே "என்ன பிள்ளை இப்பிடிக் கறுத்துப்போனாய்", "என்ன மொத்தமா வந்திட்டாய்" எண்டுதான். போன் செய்யிறது அதையேதான், ஆயிரம் தரம். உங்கட வீட்டுக்குள்ள அந்தக் கதையை இண்டையோட நிப்பாட்டுங்கோ, மாமி வந்து சொன்னாலும் பிள்ளைக்கு முன்னாலயே மறிச்சுப் போடுங்கோ.

மாசத் தீட்டு நிண்டுபோனது, எழும்பேக்க தலை சுத்துறது, தலைமயிர் கொட்டுறது, சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டுறது, இதில ஒண்டு கண்டாலும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போறது பைத்தியத்துக்கு மருந்தெடுக்க எண்டு நினைக்காதேங்கோ. பிடிவாதம் எண்டு விட்டு மாசக்கணக்காப் பிந்தி வாற பிள்ளைக்கு இரத்தமும் இல்லை, இதயத் துடிப்பும் குறைஞ்சிருக்கும், அப்ப திருத்திறது கஸ்டம்.

டொக்டர் அக்கா, எனக்கு 25 வயசு, கார்மெண்ட்சில வேலை. பேஸ்புக் லைவில ஒரு அக்கா விக்கிற நைட் கிறீம் கூரியரில எடுத்துப் பூசினன். அவவிண்ட பேஜ் முழுக்க பூச முன்னம், பூசின பிறகு எண்டு படம் போட்டிருக்கு. ரெண்டு கிழமையில நல்லா வெளிச்சிட்டன். மூண்டு மாசம் ஆச்சு, இப்ப ஒரு நாள் விட்டால் முகம் சிவந்து எரியுது, பூசினால் அடங்குது. நாடியில மயிரும் முளைக்குது. ஆவணியில எனக்குக் கல்யாணம், என்ன செய்ய?
புதுக்குடியிருப்பு

தங்கச்சி, நீங்கள் எழுதினதை அப்பிடியே எடுத்தால் அந்தக் கிறீமுக்குள்ள ஸ்டீரொய்ட் இருக்கெண்டுதான் நினைக்கவேணும். குளோபிற்றசோல், பீற்றாமெத்தசோன் எண்டு சொல்லுற அந்த மருந்துகள் எக்சிமா மாதிரி வருத்தத்துக்கு டொக்டர் அளந்து குடுக்கிறது, முகத்தில மாசக்கணக்காப் பூசினால் தோல் மெலிஞ்சு சின்ன இரத்தக் குழாய் எல்லாம் தெரியத் தொடங்கும், பரு போடும், மயிர் முளைக்கும், விட்டால் எரியும், எரியுதெண்டு திரும்பப் பூசச் சொல்லும். விக்கிற ஆக்களுக்கு அது நல்ல வியாபாரம்.

இதை விடப் பொல்லாதது மெர்கியூரி, எங்கட பாதரசம். தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனினை அது தடுக்கும், அதாலதான் கெதியா வெளிக்கும், ஆனால் தோலுக்குள்ளால போய் சிறுநீரகத்தில சேரும். கைநடுக்கம், நித்திரையில்லாமை, மனச்சோர்வு எல்லாம் வரும். பூசின கையால பிள்ளையைத் தூக்கினாலும், ஒரே துவாயால துடைச்சாலும் வீட்டில இருக்கிற மற்ற ஆக்களுக்கும் போகும், வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் போகும். கல்யாணம் கட்டப் போற உங்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கு. யப்பானில மினமாட்டா எண்ட ஊரில ஒரு தொழிற்சாலை கடலுக்க விட்ட பாதரசம் மீனுக்குள்ளால சனத்துக்குப் போய் ஆயிரக்கணக்கான ஆக்கள் முடமாயும் செத்தும் போன கதை 1956 இல வெளியில வந்தது, அந்த ஊரிண்ட பேரிலயே உலகநாடுகள் ஒரு உடன்படிக்கை செய்து 2020 ஓட பாதரசம் போட்ட வெள்ளைக் கிறீமுகளைத் தடுக்கிறதெண்டு முடிவெடுத்தது. தடை போட்டாலும் பேர் இல்லாத டப்பாவில அது வந்துகொண்டுதான் இருக்கு.

இப்ப அந்த டப்பாவைக் கையில எடுத்துப் பாருங்கோ. செய்த கொம்பனியிண்ட விலாசம் இருக்கோ? உள்ளுக்க என்னென்ன போட்டிருக்கெண்டு எழுதியிருக்கோ? தங்க நகையில, வெள்ளியில படவிடக்கூடாது எண்டு எழுதியிருக்கோ, இல்லாட்டி லைவில அந்த அக்கா வாயால சொன்னவாவோ? அப்பிடி எண்டால் பாதரசத்தைச் சந்தேகப்படவேணும், பாதரசம் தங்கத்தில ஒட்டும், அதுக்குத்தான் அந்த எச்சரிக்கை.

பூசுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. டப்பாவை எறியவேண்டாம், ஒரு பையில கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில ஓ.பி.டியில காட்டி தோல் கிளினிக்குக்குத் துண்டு வேண்டுங்கோ, எத்தனை நாள் பூசினனீங்கள் எண்டு மறைக்காமல் சொல்லுங்கோ, சலத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. முதல் கொஞ்சக் கிழமை முகம் இப்ப இருக்கிறதை விட மோசமாச் சிவக்கும், அதைத் தணிக்க டொக்டர் வேற மருந்து தருவார், பயத்தில திரும்ப அந்தக் கிறீமுக்குப் போகாதேங்கோ. ஆவணி மட்டும் வெயிலுக்குக் குடை, முகம் கழுவச் சாதாரண சோப், வேற ஒண்டும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் உங்களைப் பாத்துத்தானே ஓம் சொன்னவை, அப்ப உங்கட நிறம் உங்கட நிறமாத்தானே இருந்திருக்கும்.

அந்த முன்னம்-பின்னம் படங்களை ஒருக்கா நல்லாப் பெரிசாக்கிப் பாருங்கோ, முதல் படம் மஞ்சள் பல்ப்புக்குக் கீழ, ரெண்டாவது யன்னல் வெளிச்சத்தில. பின்னால இருக்கிற சுவரும் சேந்து வெளிச்சிருக்கும்.

ஜிம்முக்குப் போறன், 19 வயசு. ரீல்ஸில வாற அண்ணாமார் மாதிரி உடம்பு வரவேணும் எண்டு கோச் ஒரு ஊசி போடச் சொல்லுறார். போடலாமோ?
வவுனியா

வேண்டாம் தம்பி. அந்த ஊசி ஹோர்மோன். விதை சுருங்கும், பிள்ளை பிறக்கிற வாய்ப்புக் குறையும், ஆம்பிளைக்கு மார்பு வளரும், ஈரலும் இதயமும் பழுதாகும், எரிச்சலும் கோவமும் தலைக்கேறும். ரீல்ஸில நீங்கள் பாக்கிற உடம்பு தண்ணி குடிக்காமல் காஞ்சு, எண்ணெய் பூசி, லைட்டுக்குக் கீழ ஒரு நிமிசம் பிடிச்சு நிண்ட உடம்பு, அந்த ஆளே அடுத்த நாள் அப்பிடி இருக்கமாட்டார். முட்டை, மீன், கடலை, பயறு, நல்ல நித்திரை, ரெண்டு மூண்டு வருசம் பொறுமை. கோச்சை மாத்துங்கோ.

இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தால் நாங்கள் பெடியள் எல்லாரும் போய் செல்பி எடுக்கிறனாங்கள். அம்மா பேசுறா. அவ்வளவு ஆபத்தோ?
கிளிநொச்சி

அம்மா சொல்லுறது சரி. 2011 ஐப்பசியில இருந்து 2017 கார்த்திகை மட்டும் உலகம் முழுக்க செல்பி எடுக்கப் போய்ச் செத்த 259 பேரைப் பற்றி இந்திய டொக்டர்மார் தேடி எழுதியிருக்கினம், கனபேர் இந்தியாவில, கூடச் செத்தது தண்ணிக்குள்ள விழுந்து, கிட்டத்தட்ட நாலில மூண்டு பங்கு பெடியள், சராசரி வயசு 23 கூட இல்லை. கட்டில நிண்டு தண்ணியைப் பாத்து எடுங்கோ, தண்ணிக்கு முதுகைக் காட்டி எடுக்காதேங்கோ. ரயில் பாதைக்கும், ரோட்டோரம் நிக்கிற யானைக்கும் இதே பதில்தான்.

நான் முள்ளிவாய்க்காலால உயிரோட வெளியில வந்தவன். என்ர தம்பி வரேல்ல. ஒவ்வொரு வருசமும் சித்திரை முடியவே போன் முழுக்க அந்த நேரத்துப் படங்கள் வரத் தொடங்கும், செல் விழுந்து கிடக்கிற உடம்புகள், பிள்ளையள். அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் எனக்கு நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் திடுக்கிடுறன், வயலுக்குப் போக மனமில்லை. 9 வயசு மகள் என்ர போனில அதைப் பாத்துப்போட்டு இப்ப தனியப் படுக்கிறா இல்லை. பாக்காமல் விட்டால் தம்பிக்குத் துரோகம் செய்யிறன் எண்டு இருக்கு. நான் என்ன செய்ய?
முல்லைத்தீவு

அண்ணை, உங்கட கடிதத்தை வாசிச்சுப்போட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தன். இதே கதையை கிளினிக்கில வேற வேற வாயால ஒவ்வொரு வைகாசியும் கேக்கிறன், ஆனால் பாக்காட்டித் துரோகமோ எண்டு இவ்வளவு வெளிப்படையா ஆரும் கேட்டதில்லை. இல்லை அண்ணை, துரோகம் இல்லை. என்ன நடந்தது எண்டு தெரியிறதுக்கு உங்களுக்குப் படம் தேவையில்லை, நீங்கள் அதுக்குள்ளால நடந்து வந்தனீங்கள். அந்தப் படங்கள் இருக்கவேணும், அழியக்கூடாது, சாட்சியமாப் பேணுற ஆக்கள் பேணவேணும், காணாத உலகத்துக்குக் காட்டவேணும். அதைத் தினமும் இரவு படுக்கையில கிடந்து உங்கட கண்ணாலயே திரும்பப் பாக்கவேணும் எண்டு ஒரு கடமை உங்களுக்கு இல்லை.

படம் மனிசனுக்கு என்ன செய்யும் எண்டு ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2013 இல பொஸ்டன் மரதன் ஓட்டத்தில குண்டு வெடிச்ச பிறகு அமெரிக்காவில 4675 பேரிட்டக் கேட்டுப் பாத்தவை. அந்தக் கிழமை முழுக்க நாளுக்கு 6 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ குண்டு வெடிச்ச செய்தியையும் படத்தையும் பாத்துக்கொண்டிருந்த ஆக்களுக்கு, அந்த இடத்தில நேர நிண்ட ஆக்களை விடக் கூடின மன அழுத்தம் இருந்தது. பாத்தவைக்கே அப்பிடி எண்டால், நேர நிண்டும் இருந்து, பிறகு வருசா வருசம் பாத்தும் கொண்டிருக்கிற எங்கட சனத்திண்ட நிலையை யோசியுங்கோ. உடம்புக்கு இது பழைய படம் எண்டு தெரியாது. திரும்ப செல் விழுகுதெண்டுதான் நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும், நித்திரை வராது. உங்களுக்கு வாறது மனத்தைரியம் இல்லாததால வாறது இல்லை, இதுக்கு மருத்துவம் இருக்கு.

போனில செய்யிறதைச் சொல்லுறன், பக்கத்தில ஒரு படிச்ச பெடியனை வைச்சுச் செய்விக்கலாம். வட்ஸ்அப்பில செற்றிங்ஸுக்குள்ள போனால் படம் தானா இறங்கிறதை நிப்பாட்டலாம், கலரியில காட்டாமலும் வைக்கலாம், மகள் பாத்தது அங்கயாத்தான் இருக்கும். பேஸ்புக்கில வீடியோ தன்பாட்டில ஓடுறதை நிப்பாட்டுங்கோ. வெளிநாட்டில இருந்து கூட அனுப்புற உறவுகளுக்கு, எனக்கு அனுப்பவேண்டாம் எண்டு ஒரு வரி எழுதிவிடுங்கோ, அவையளுக்கு உங்கட நித்திரை தெரியாது, சொன்னால் விளங்குவினம். மகளிட்ட அது பொய்ப் படம் எண்டு சொல்லிச் சமாளிக்காதேங்கோ. சித்தப்பாவை நாங்கள் அப்பிடி இழந்தனாங்கள், அது முடிஞ்சுது, இப்ப நீ பத்திரமா இருக்கிறாய், அப்பா பக்கத்தில இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, கொஞ்ச நாளைக்கு உங்களோடயே படுக்கட்டும். தம்பியிண்ட நல்ல படம் ஒண்டு, சிரிச்சுக்கொண்டு நிக்கிறது, வீட்டில இருந்தால் அதை அவவுக்குக் காட்டுங்கோ.

வைகாசி 18 இக்கு விளக்குக் கொளுத்தப் போங்கோ, கஞ்சி குடுக்கிற இடத்தில நில்லுங்கோ, பக்கத்தில நிக்கிற ஆளோட சேந்து அழுங்கோ. அதுக்கும் இரவு தனியக் கிடந்து போன் பாக்கிறதுக்கும் கன வித்தியாசம் இருக்கு, கூட்டு மனவடு பற்றி வாழ்க்கை முழுக்க எழுதின எங்கட மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களும் சடங்குக்கும் ஊர்ச்சனத்திண்ட சேர்க்கைக்கும் ஆறவைக்கிற பலம் இருக்கெண்டு தொடர்ந்து சொல்லிக்கொண்டு வாறவர். அதோட முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்கு ஒருக்கா வாங்கோ, வைகாசி மட்டும் பொறுக்கவேண்டாம். இரவில தாங்கேலாட்டி 1926, தேசிய மனநல நிறுவனத்திண்ட இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

ஏ9 ரோட்டில அக்சிடன்ட் நடந்தால் சனம் தூக்கிறதை விட்டுட்டு வீடியோ எடுக்குது. நானும் ஒருக்கா எடுத்துப் போட்டன், விழிப்புணர்வுக்கு எண்டு. பிழையோ?
மாங்குளம்

பிழைதான் தம்பி. கையில போன் இருந்தால் முதல் அடிக்கவேண்டியது 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, வடக்குக்கு 2018 இல இருந்து ஓடுது. எந்தக் கிலோமீற்றர்க் கல்லுக்குக் கிட்ட எண்டு சொன்னால் கெதியா வருவினம். ஒரு தாய் தன்ர பிள்ளை செத்ததை ஆஸ்பத்திரி சொல்ல முன்னம் பேஸ்புக்கில கண்டால் அந்தத் தாய்க்கு அந்தப் படம் சாகும்வரைக்கும் போகாது. அக்சிடன்ட் படம் பாத்து ஆரும் ஹெல்மெட் போட்டதா நான் காணேல்ல. இடம் தெரியிற மாதிரி ரோட்டிண்ட படம் ஒண்டு, அதுவும் அம்புலன்ஸ்காரருக்கு அனுப்ப எண்டால் எடுங்கோ. ஆருக்குப் போகுது அந்தப் படம் எண்டதுதான் கேள்வி.

உயிரை மாய்ச்ச ஆக்களிண்ட படத்தையும் கடிதத்தையும் எப்பிடிச் செய்தவை எண்ட விபரத்தையும் போடுறது இதை விடப் பாரதூரம். அதே மனநிலையில இருக்கிற இன்னொரு பிள்ளை அதைப் பாத்துப்போட்டு அதே வழியில போறது உலகம் முழுக்கக் கண்ட விசயம், அதுக்காகவே உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரருக்கு விதி எழுதி வைச்சிருக்கு. இப்ப நாங்கள் ஒவ்வொருத்தரும் பத்திரிகைதான்.

ஒரு பெடியனை நம்பி என்ர படம் அனுப்பிப்போட்டன். இப்ப காசு கேக்கிறான், இல்லாட்டி எல்லாருக்கும் போடுவானாம். அம்மாக்குத் தெரிஞ்சால் நான் உயிரோட இருக்கேலாது.
ஊர் போடவேண்டாம்

பிள்ளை, நீங்கள் ஒரு குற்றமும் செய்யேல்ல, மிரட்டுறதுதான் குற்றம், சட்டப்படியும். காசு குடுக்காதேங்கோ, குடுத்தால் திரும்பக் கேப்பான். அவன் அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கோ, அழிக்காதேங்கோ, அதுக்குப் பிறகு புளொக் பண்ணுங்கோ. 18 வயசுக்கு மேல எண்டால் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ எண்ட தளம், கீழ எண்டால் டேக் இற் டவுன் எண்ட தளம், ரெண்டிலயும் படம் உங்கட போனை விட்டு வெளியில போகாது, அந்தப் படத்தில இருந்து எடுக்கிற ஒரு அடையாள இலக்கம் மட்டும் போகும், அதை வைச்சு பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் அந்தப் படம் ஏறுறதைத் தடுக்கும். இலங்கையில ஹிதவதி எண்டு இதுக்கெண்டே ஒரு உதவிச் சேவை இருக்கு, தமிழிலயும் கதைக்கலாம். போனில கதைக்க 18 இக்குக் கீழ எண்டால் 1929, சிறுவர் உதவி இலக்கம், அதுக்கு மேல எண்டால் 1938, பெண்களுக்கான உதவி இலக்கம்.

உயிர் எண்டு எழுதினதை நான் சும்மா விட்டுட்டுப் போகமாட்டன். இண்டைக்கு இரவே ஒரு ஆளிட்டச் சொல்லுங்கோ, அம்மாட்ட ஏலாட்டி சின்னம்மா, ரீச்சர், சினேகிதி, ஒருத்தரும் இல்லாட்டி 1926. ஒரு பத்து நாள் அவமானமா இருக்கும், சனம் கதைக்கும், பேந்து வேற கதைக்குப் போயிடும், நீங்கள் அதுக்குப் பிறகும் இருக்கவேணும். இதை வாசிக்கிற அம்மாமாருக்கும் சொல்லுறன்: இப்பிடி ஒரு பிள்ளை உங்களிட்ட வந்தால் முதல் வசனம் ஏன் அனுப்பினனி எண்டு இருக்கக்கூடாது.

ஆறாம் வகுப்புப் பெட்டையளுக்குப் பள்ளிக்கூடத்தில போடுற ஊசி பிள்ளைப்பேறைத் தடுக்கும் எண்டு ஒரு படம் வட்ஸ்அப் குறூப்பில வந்தது. ஒரு பிள்ளை மயங்கிக் கிடக்கிற படமும் இருந்தது. ஏற்கனவே எங்கட சனம் குறைஞ்சு போன இடத்தில இது ஒரு சதியோ எண்டு பயமா இருக்கு. போடவிடலாமோ?
ஒரு தகப்பன், மல்லாவி

ஐயா, உங்கட பயம் எங்கயிருந்து வருதெண்டு எனக்கு விளங்குது, எங்கட சனம் எதையும் சந்தேகிக்கப் பழகினது சும்மா இல்லை. ஆனால் இந்த ஊசி கொழும்பிலயும் காலியிலயும் இதே வகுப்புப் பிள்ளையளுக்குப் போடுறதுதான், எச்.பி.வி எண்ட வைரசுக்கு எதிரான தடுப்பூசி, 2017 இல இருந்து நாடு முழுக்க ஆறு மாச இடைவெளியில ரெண்டு தரம் போட்டுக்கொண்டு வருகினம். கர்ப்பப்பை வாசல் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுக்க அந்த வைரசாலதான் வருது. ஸ்கொட்லாந்தில 2008 இல போடத் தொடங்கினவை, 12, 13 வயசில ஊசி போட்ட பிள்ளையள் வளந்து வந்த பிறகு தேடிப் பாத்தால் ஒருத்தருக்கும் அந்தப் புற்றுநோய் வரேல்ல எண்டு 2024 இல எழுதியிருக்கினம். பிள்ளைப்பேறைத் தடுக்கும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை. பிள்ளைப்பேறைத் தடுக்கிறது அந்தப் புற்றுநோய்தான், கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வரும்.

மயங்கின பிள்ளையிண்ட படம் உண்மையாக்கூட இருக்கலாம். வெறும் வயித்தோட பயந்துகொண்டு வரிசையில நிக்கிற பத்து வயசுப் பிள்ளை எந்த ஊசிக்கும் மயங்கும், பத்து நிமிசம் கால் உயத்திப் படுக்கவிட எழும்பும், எழும்பி நடந்து போற படத்தை ஆரும் எடுக்கிறேல்ல. யப்பானில இப்பிடித்தான் 2013 இல பிள்ளையள் வலிப்பு வந்து கிடக்கிற வீடியோக்கள் பரவி, அரசாங்கம் ஊசியைச் சிபாரிசு செய்யிறதை நிப்பாட்டி, 70 வீதம் அளவில போட்டுக்கொண்டிருந்தது ஒரு வீதத்துக்கும் கீழ விழுந்தது. பிறகு ஆராய்ஞ்சு பாத்ததில ஊசிக்கும் அந்த வருத்தத்துக்கும் தொடர்பு தெரியேல்ல, 2022 இல திரும்பத் தொடங்கினவை, ஆனால் இடையில ஊசி தவறின பெட்டையளில பிற்காலத்தில 5000 பேருக்கு மேல கூடுதலாச் சாவினம் எண்டு கணக்குப் போட்டிருக்கினம். மகளுக்குக் காலமை வயிறு நிறையச் சாப்பாடு குடுத்து அனுப்புங்கோ, சந்தேகம் இருந்தால் எம்.ஓ.எச் ஒபிசில அந்தப் படத்தையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ, அங்க பதில் சொல்ல ஆள் இருக்கு.

வயலில பாம்பு கடிச்சால் பாம்பை அடிச்சுக் கொண்டு போகவேணும் எண்டு அப்பா சொல்லுறவர். இப்ப போனில படம் எடுத்தால் காணுமோ?
ஒட்டுசுட்டான்

காணும், நல்ல கேள்வி. அடிக்கப் போய் ரெண்டாவது ஆளும் கடி வேண்டினதுதான் கனக்க. பாம்பு கண்ணுக்குத் தெரியிற இடத்தில நிண்டால் தள்ளி நிண்டு பெரிசாக்கி ஒரு படம், உடம்பில இருக்கிற அடையாளம் தெரியிற மாதிரி, ஓடிட்டுது எண்டால் விடுங்கோ, தேடிக்கொண்டு நிக்கவேண்டாம். முத்திரைப் புடையனோ, எண்ணெய் விரியனோ, நாகமோ, வெறும் சாரையோ எண்டு படத்தில தெரிஞ்சால் டொக்டருக்குப் பெரிய உதவி, ஏனெண்டால் விச முறிப்பு மருந்தே சில பேருக்கு ஒவ்வாமையைக் குடுக்கும், தேவையில்லாத ஆளுக்கு ஏத்தாமல் விடலாம். படம் இல்லாட்டியும் வைத்தியம் நடக்கும், இரத்தம் கொஞ்சம் எடுத்து கண்ணாடிக் குப்பியில 20 நிமிசம் வைச்சு உறையுதோ எண்டு பாப்பினம், உறையாட்டி அநேகமாப் புடையன்.

அந்தப் படத்தை பேஸ்புக்கில போட்டு இது என்ன பாம்பு எண்டு கேட்டுக்கொண்டு வீட்டில இருக்காதேங்கோ. ஒருத்தர் விசமில்லை எண்டு எழுதுவார், இன்னொருத்தர் மூலிகை எழுதுவார், எண்ணெய் விரியன் கடி முதல் நோகாது, வீங்காது, கொஞ்ச நேரத்தில வயித்து நோ வரும், கண் இமை தானா விழும், பேந்து மூச்சு நிக்கும். கடிபட்ட ஆளை நடக்க விடாதேங்கோ, காலையோ கையையோ தடி வைச்சு ஆட்டாமல் கட்டுங்கோ, மோதிரம், காப்பு, கொலுசைக் கழட்டுங்கோ, வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், 1990 இக்கு அடியுங்கோ. படத்தைக் கொண்டுபோய் வாட்டில நிக்கிற டொக்டரிட்டயோ மிஸ்ஸியிட்டயோ நேரக் காட்டுங்கோ, கடிச்ச நேரத்தையும் சொல்லுங்கோ. படம் எடுத்தால் அதிலயே நேரமும் பதிஞ்சிருக்கும்.